ஓடிபி மூன்றாவது மாடிக்கு வரும்

ஏப்ரல் 6, ஞாயிறு

ஜெயித்துவிட்டேன். வடவள்ளி பொன்மலர் அடுக்ககத்தின் குடியிருப்போர் சங்கத்துக்கு இன்று முதல் செயலாளர் நான், தரைத்தளம் மகுடேஸ்வரி. வருஷக்கணக்காக அந்தப் பதவியைப் பிடித்துக்கொண்டிருந்த மூன்றாவது மாடி சென்னியப்பன் தோற்றார்.

பதவி ஆசையில் நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு நான் இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தேன். அடுத்த வாரமே இந்த மனிதர் நோட்டீஸ் பலகையில் ஊசி குத்தி வைத்தார்: "குடியிருப்பு வளாகத்துக்குள் வணிக நோக்கில் கிரைண்டர் ஓட்டுவது விதிகளுக்குப் புறம்பானது." என் பெயரைப் போடவில்லை. போடவும் வேண்டுமா? இந்தக் கட்டடத்தில் வேறு யார் வீட்டில் இரண்டு கிரைண்டர் ஓடுகிறது? அன்றோடு பேச்சை நிறுத்தினேன். நோட்டீஸும் இருக்கிறது, கிரைண்டரும் ஓடுகிறது.

ஓட்டு எண்ணி முடிந்ததும் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சாவிகள், ரப்பர் சீல், தீர்மானப் புத்தகம், லிஃப்ட் மெக்கானிக்கின் விலாசம், எல்லாம் அடுக்கியிருந்தது. "சரி பார்த்துக்குங்க" என்றார். முகம் சுளிக்கவே இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

பொருளாளர் ஜெபராஜ் லேப்டாப்போடு வந்தார். மருந்து கம்பெனி வேலை, ஊரில் இருக்கிற நாள் குறைவு. கூட்டிப் பெருக்குகிற சரசாளுக்குச் சம்பளம் அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் தட்டி முடித்தால், பதிவு செய்த கைபேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்று திரை சொல்கிறது.

"யாரு நம்பர்க்கா இது?" என்றார் ஜெபராஜ்.

மஞ்சள் பையில் எல்லாம் இருந்தது. இது மட்டும் இல்லை.

நான் பேச மாட்டேன் என்றேன். ஜெபராஜே கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"வந்திருக்குதுங்க" என்றது சென்னியப்பன் குரல். "ஆனா யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அதுலயே போட்டிருக்குதுங்களே."

"சார், நம்ம சங்கத்துக் கணக்குத்தானே. செயலாளர் பக்கத்துலயே இருக்காங்க."

"செயலாளருக்கு மட்டும் சொல்லலாம்னு அதுல போடலீங்க, தம்பி."

அதற்குள் நேரம் முடிந்து ஓடிபி காலாவதியாகிவிட்டது. காசோலை எழுதலாம் என்றால் புத்தகம் தீர்ந்திருக்கிறது. புதுப் புத்தகம் கேட்டாலும் அதே எண்ணுக்குத்தான் ஓடிபி போகுமாம். கடைசியில் மனிதர் ஒரு வழி சொன்னார். லேப்டாப்பை மேலே கொண்டுவந்தால் தானே தட்டிக் கொடுப்பாராம்.

சரசாளின் சம்பளத்துக்காகப் போனேன். என் காலால் அந்த வீட்டு வாசலை மிதித்தது இன்றுதான். பரீட்சையில் பக்கத்துப் பையனுக்குக் காட்டாத மாதிரி இடது கையால் மறைத்துக்கொண்டு, வலது கை ஒற்றை விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தட்டினார். பழைய பட்டன் போன். எழுத்தைப் பார்க்க அதை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

"டீ குடிக்கறீங்களா?"

வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

முதல் வேலையாக வங்கிக்குப் போனேன். கவுன்ட்டரில் பிரபாவதி என்று ஒரு பெண். எதைக் கேட்டாலும் ஒரு பெருமூச்சுக்குப் பிறகுதான் பதில் வருகிறது. "தனியாள் கணக்குன்னா ஈசிங்க மேடம். இது சங்கத்துக் கணக்கு. தீர்மான நகல் வேணும், புது செயலாளர் ஆதார், பான், போட்டோ வேணும், சீல் வேணும். ஃபார்ம்ல பழைய செயலாளர் கையெழுத்துப் போடணும், எங்க ரெக்கார்டுல இருக்கற மாதிரியே."

இரண்டே நாளில் முடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பெருமூச்சு விட்டாள்.

ஏப்ரல் 16, புதன்

தண்ணீர் லாரிக்குப் பணம் அனுப்ப மறுபடி மேலே. ஜெபராஜ் நாமக்கல்லில். லேப்டாப்பை என்னிடமே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வங்கி ஃபார்மையும் கையோடு கொண்டுபோனேன். சென்னியப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார், பின்பக்கத்துப் பொடி எழுத்தைக்கூட. தாலுகா ஆபீசில் காலம் தள்ளியவர். பிறகு கையெழுத்துப் போட்டார்.

டீ வைத்திருந்தார். கேட்காமலே வைத்துவிட்டால் என்ன செய்வது? குடித்தேன். சர்க்கரை அதிகம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கையெழுத்து சேரவில்லை என்று ஃபார்மைத் திருப்பிவிட்டார்கள். அத்தனை வருஷம் காசோலையில் போட்ட கையெழுத்து இப்போது சேரவில்லையாம். பிரபாவதி திரையைத் திருப்பிக் காட்டினாள். பழையதில் கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் நீளமாகக் கீழே இறங்கும். புதியதில் வாலே இல்லை.

போய்ச் சொன்னேன். "வயசாகுதுங்கல்ல, கை நடுங்குது" என்றார். பாவமாகத்தான் இருந்தது. புது ஃபார்ம் வாங்கி வர வேண்டும்.

ஏப்ரல் 24, வியாழன்

இன்று ஒரு விஷயம் நடந்தது. லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பணம் அனுப்பப் போயிருந்தேன். டீக்குப் பால் எடுக்கிறேன் என்று சென்னியப்பன் ஃபிரிட்ஜைத் திறந்தார். உள்ளே என் மாவு! நான் கட்டுகிற அதே கவர், நான் போடுகிற அதே பச்சை ரப்பர் பேண்டு.

"இது எப்படிங்க இங்க வந்துச்சு?"

மனிதர் ஃபிரிட்ஜை மெதுவாகச் சாத்தினார். "வாட்ச்மேன் தங்கவேலு வாங்கிட்டு வருவானுங்க. வாரத்துக்கு ரெண்டு."

"எத்தன நாளா?"

"நீங்க ஆரம்பிச்சதுல இருந்தே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "விதிகளுக்குப் புறம்பானதுன்னு நோட்டீஸ் போட்டீங்களே?"

"நோட்டீஸ் போட்டது செயலாளருங்க. மாவு வாங்குனது சென்னியப்பன்" என்றார், ஏதோ இரண்டு பேர் மாதிரி. பிறகு கொஞ்சம் பொறுத்து, "போன வியாழக்கிழமை மாவு லேசா புளிப்புக் கூடிப்போச்சுங்க" என்றார்.

உண்மைதான். அன்றைக்கு வெயில் அதிகம். வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஏப்ரல் 30, புதன்

தங்கவேலுவிடம் இனி மூன்றாம் மாடிக்கு மாவு தர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எப்படியும் நானே போகிறேன், கையோடு கொண்டுபோய்விடலாம்.

மே 2, வெள்ளி

வங்கிக்குப் போனேன். சீலை எடுத்துப்போக மறந்துவிட்டேன்.

மே 6, செவ்வாய்

வங்கிக்குப் போக நேரமில்லை. மாடிக்கு மட்டும் போய் வந்தேன்.

மே 9, வெள்ளி

ஜெபராஜ் ஊரிலிருந்து வந்து கணக்கைப் பார்த்தார். "ஏக்கா, எல்லா பில்லையும் மாசத்துல ஒரே நாள் உட்கார்ந்து கட்டிரலாமே? பினாயிலுக்கு ஒரு நாள், பல்புக்கு ஒரு நாளுன்னு கட்டியிருக்கீங்க?"

தனித்தனியாகக் கட்டினால்தான் கணக்கு சுத்தமாக இருக்கும் என்றேன். விற்பனை வேலை பார்க்கிறவர்களுக்கு நிர்வாகம் புரியாது.

மே 14, புதன்

இரண்டாவது ஃபார்மும் திரும்பிவிட்டது. இந்தத் தடவை வால் இருந்தது, ஆனால் மேல்நோக்கிப் போயிருந்தது. பிரபாவதி பெருமூச்சுகூட விடவில்லை. "மேடம், நேத்து அதே சார் இங்க வந்திருந்தாரு. அவரோட பென்ஷன் கணக்குக்கு இதே கவுன்ட்டர்லதான் கையெழுத்துப் போட்டாரு. அச்சு மாதிரி இருந்துச்சு."

சொந்தக் கணக்கு என்றால் கவனமாகப் போடுவார்கள்தானே. அடுத்த தடவை கவனமாகப் போடச் சொல்ல வேண்டும். சொல்ல நினைத்துக்கொண்டுதான் மேலே போனேன். பேச்சு அவர் சம்சாரம் சாந்தாமணி பக்கம் திரும்பிவிட்டது. அந்தம்மா போய்ப் பல வருஷம். அந்தம்மா வைத்த ரசம் மாதிரி யாரும் வைக்க மாட்டார்களாம். நல்ல ரசத்துக்கு எவ்வளவு மிளகு என்று ஒரு வாக்குவாதம். சொல்ல வந்தது மறந்துபோனது.

மே 17, சனி

சங்கத் தலைவர் கதிரேசன் வாட்ஸப் குழுவில் பொரிந்து தள்ளியிருக்கிறார். ஒரு போன் நம்பர் மாற்ற இத்தனை நாளா, புதிய செயலாளர் என்ன செய்துகொண்டிருக்கிறார், பழைய செயலாளர்தான் இன்னும் ஆட்சி நடத்துகிறாரா என்று. ஜூன் எட்டாம் தேதி கூட்டத்துக்குள் மாறாவிட்டால் என்னை மாற்ற வேண்டி வருமாம். கீழே பதினைந்து கட்டை விரல்கள். அதில் எத்தனை பேர் என்னிடம் கடனுக்கு மாவு வாங்குகிறவர்கள் என்று எனக்குத் தெரியும்.

சென்னியப்பனிடம் பட்டன் போன் என்பதால் குழுவில் அவர் இல்லை. நானும் சொல்லவில்லை.

மே 19, திங்கள்

அவருடைய மகள் வினோதினி ஈரோட்டிலிருந்து காரில் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ரத்தக்கொதிப்பு கூடியிருக்கிறதாம். தங்கவேலு சொல்லித்தான் தெரியும். வாசலில் நின்று என் கதவைப் பார்த்தாராம், நான் மாவு கொடுக்கப் பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்தேன்.

போனால் போகட்டும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

மே 20, செவ்வாய்

ஒன்றும் இல்லை.

மே 21, புதன்

வெயிலுக்குத் தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது. ஊர் முழுக்க நாற்றம். மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கடைக்காரர் வந்து பார்த்து, இனி இதைச் சுற்றிப் பிரயோசனம் இல்லை, புதுசு போடுங்கள், பணம் வந்ததும் வண்டியில் ஏற்றுகிறேன் என்றார். போன தடவை கதிரேசன் அவரிடம் போட்ட சண்டையால் கடன் கிடையாது என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

சங்கத்துக் கணக்கில் பணம் இருக்கிறது. ஓடிபி ஈரோட்டில் இருக்கிறது.

கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்கிறது. மத்தியானம் கூப்பிட்டேன். சாயங்காலம் கூப்பிட்டேன். யாராவது தற்போதைக்குக் கைக்காசு போடுங்கள், கணக்கிலிருந்து தந்துவிடலாம் என்று குழுவில் எழுதினேன். எல்லோரும் கும்பிடு போடுகிற படம் அனுப்பினார்கள்.

மே 22, வியாழன்

பெரிய பெரிய உத்தியோகத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் லுங்கியோடு குடம் தூக்குகிறார்கள். கதிரேசன் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறுகிறபோது என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. கிரைண்டரைக் கழுவத் தண்ணீர் இல்லை, வியாபாரம் நின்றது.

போன் இன்னும் அணைந்தே கிடக்கிறது. ரத்தக்கொதிப்பு என்றார்கள். போனை எடுக்காமல் ஒரு மனிதர் என்ன செய்கிறார்? மோட்டாருக்காகத்தான் கவலை.

உரிமையாளர் பதிவேட்டில் வினோதினியின் விலாசம் இருக்கிறது. காலை ரயிலில் போகிறேன்.

மே 23, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

நல்ல தண்ணீர் வாங்கிக் கொஞ்சமாக மாவு அரைத்து ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டேன். ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. ரயிலில் பக்கத்திலிருந்த அம்மாள் தூக்கைப் பார்த்து, "மருமகனுக்குங்களா?" என்றாள். இல்லை, மோட்டாருக்கு என்றேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

வினோதினிதான் கதவைத் திறந்தாள். யார், எங்கிருந்து, எதற்கு என்று சொன்னேன். கேட்டுக்கொண்டு, வழியை விடாமலே நின்றாள். "ஏனுங்க ஆன்ட்டி, நீங்க எங்கப்பாவக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா, போனைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?"

போனைத்தான் என்றேன். அது உண்மையும்கூட.

உள்ளேயிருந்து அவர் வந்தார். நன்றாகத்தான் இருந்தார், முகம்கூடக் கொஞ்சம் தெளிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டார். சார்ஜரைக் கோயமுத்தூரிலேயே விட்டுவிட்டாராம். மகள் வீட்டில் யாரிடமும் அந்த மெல்லிய பின் சார்ஜர் இல்லை. போன் செத்துப்போய் அலமாரியில் கிடக்கிறது.

"எங்க போன்ல இருந்து கூப்பிட்டிருக்கலாமேப்பா, நாந்தான் தர்றேன்னனே" என்றாள் வினோதினி.

"நம்பர் எல்லாம் அதுக்குள்ளதானம்மா இருக்குது" என்றார்.

அவரும் நானும் மணிக்கூண்டுப் பக்கம் கடைகடையாக ஏறி இறங்கினோம். எல்லோரும் அந்தப் போனை வாங்கிப் பார்த்துச் சிரித்தார்கள், ஒருவன் படம்கூட எடுத்தான். கடைசியில் ஒரு சந்துக்குள் ரிப்பேர் கடை. அங்கிருந்த பாய் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கவிழ்த்து, சிக்கிக் கிடந்த ஒயர்களுக்குள் கையை விட்டு ஒன்றை உருவினார். போனுக்கு உயிர் வந்தது. வந்ததும் டிங் டிங் என்று நிற்கவே இல்லை. தவறிய அழைப்புகளுக்கான செய்தி.

"யாருங்க இத்தன தடவ?" என்று கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டார்.

மோட்டார் எரிந்தால் வேறென்ன செய்வார்கள்?

லேப்டாப்போடு ஜெபராஜ் கோயமுத்தூரில் தயாராக இருந்தார். பணத்தைப் போட்டார், ஓடிபி வந்தது. நான் சென்னியப்பனைப் பார்த்தேன். போனில் யாருக்கும் சொல்லாத மனிதர். லைனில் ஜெபராஜ், "அக்கா, சீக்கிரம், ஓடுது, ஓடுது" என்று கத்துகிறார். சென்னியப்பன் பாயைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, காதோரமாக, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். நான் வாங்கி ஜெபராஜுக்குச் சொன்னேன். பணம் போனது.

மீசை லேசாகக் குத்தியது. அதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

திரும்பி வந்து சாப்பிட்டோம். சாப்பாட்டு நடுவில் வினோதினி தன் மனசில் இருப்பதைச் சொன்னாள். அப்பா இனி இங்கேயே இருக்கட்டும், கோயமுத்தூர் வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம். தனியாக விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது? அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அந்த நேரத்தில் நான் கதிரேசன் எழுதியதைச் சொல்லிவிட்டேன், எட்டாம் தேதிக்குள் எண் மாறாவிட்டால் என்னை மாற்றப் போகிறார்கள் என்று. எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

அவர் பிசைவதை நிறுத்தினார். "ஏனுங்க, இதை முன்னாடியே சொல்லக் கூடாதுங்களா?" என்றார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, "ஃபார்ம் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

பையில் இருந்தது. போட்டார். கை நடுங்கவே இல்லை. கடைசி எழுத்திலிருந்து வால் நேராக, நீளமாகக் கீழே இறங்கியது.

ரயிலில் அந்த ஃபார்மை இரண்டு மூன்று முறை எடுத்துப் பார்த்தேன். நல்ல கையெழுத்து.

மே 24, சனி

புது மோட்டார் ஓடுகிறது. குழாயில் தண்ணீர். கட்டடமே கைதட்டியது.

மே 27, செவ்வாய்

ஃபார்மை வாங்கிக்கொண்டாள் பிரபாவதி. ஒத்துப் பார்த்து, "இதுதான் மேடம் கையெழுத்து" என்றாள். சீல் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. போட்டோ கேட்டாள். அதுவும் இருந்தது. ஒன்றையும் மறக்கவில்லை.

ஜூன் 2, திங்கள்

எண் மாறிவிட்டது. வங்கியிலிருந்து என் போனுக்கே செய்தி வந்தது.

ஜூன் 8, ஞாயிறு

கூட்டத்தில் கதிரேசன் எனக்குச் சால்வை போட்டார். தண்ணீர் வந்தால் எல்லோரும் நல்லவர்கள். நான் நோட்டீஸ் பலகையிலிருந்த அந்தப் பழைய கிரைண்டர் நோட்டீஸைக் கிழிக்கலாமா என்று கேட்டேன். கிழியுங்கள் என்றார்கள். ஊசியை எடுத்தேன், பிறகு அப்படியே குத்திவிட்டேன். கெட்டியான காகிதம், பாழாக்குவானேன்.

ஜூன் 11, புதன்

பினாயில், பல்பு, லாரி, சரசாள், எல்லா பில்லையும் ஜெபராஜும் நானும் ஒரே மூச்சில் கட்டி முடித்தோம். ஓடிபி வர வர நானே தட்டினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மீதி நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தேன்.

பூனாவிலிருந்து மகன் கூப்பிட்டு, "ஏம்மா, குரல் ஒரு மாதிரி இருக்குது?" என்றான். தண்ணீர் மாறியதில் சளி என்றேன்.

ஜூன் 18, புதன்

காலையில் அழைப்பு மணி. சென்னியப்பன், கையில் பெட்டியோடு. வீட்டுக்குக்கூடப் போகாமல் லிஃப்டுக்கு இந்தப் பக்கம் வந்து நிற்கிறார்.

"வங்கிக்கு ஒரு எட்டு கூட வர முடியுங்களா?"

"எதுக்குங்க? எல்லாம் மாத்தியாச்சே."

"சங்கத்துது மாத்தியாச்சுங்க. என் பென்ஷன் கணக்கு மாறிப்போச்சு." ஈரோட்டில் இருந்தபோது, யாராவது ஏமாற்றிவிடுவார்கள் என்று வினோதினி தன் எண்ணை அந்தக் கணக்கில் போட்டுவிட்டாளாம். "நல்ல மனசுலதான் பண்ணுனா. ஆனா பாருங்க, நான் அங்க ஏடிஎம்முக்குப் போனா வீட்டுல அவ போன்ல மணி அடிக்குதுங்க. உடனே போன். எதுக்குப்பா எடுத்தீங்க, என்னப்பா சாப்பிட்டீங்க. பேசிப் பார்த்தேன். கடைசியில பஸ் ஏறிட்டேன்."

"வினோதினிக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டுத்தானுங்க வந்தேன். போனைக் கூட்டிட்டுப் போறீங்களான்னு கேட்டா. அவளே சிரிச்சுட்டா."

போனோம். எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் பிரபாவதி எழுந்தே நின்றுவிட்டாள். ஃபார்மை வாங்கி அவர் தன் பழைய எண்ணை எழுதினார். கையெழுத்து அச்சு மாதிரி. அதற்குக் கீழே இன்னொரு கட்டம் இருந்தது, மாற்றுத் தொடர்பு எண் என்று. பேனா அங்கே போய் நின்றது. மகள் எண்ணை எழுதுவார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க" என்றார், ஃபார்மைப் பார்த்தபடியே. "இங்க உங்க நம்பர் போட்டுக்கலாமுங்களா?"

நான் என் எண்ணைச் சொன்னேன். மெதுவாக, ஒவ்வொரு எண்ணாக. யாருக்கும் கேட்கக் கூடாத மாதிரி ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

பிரபாவதி வாங்கிப் பார்த்தாள். "சார், இதுக்குப் பக்கத்துல உறவுன்னு ஒரு கட்டம் இருக்குங்க. காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது. மேடம் உங்களுக்கு என்ன உறவு? என்ன போட?"

அவர் தொண்டையைச் செருமினார். "செயலாளர்னு போடுங்க."

"அது உறவு இல்லீங்களே சார்."

பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார். சென்னியப்பன் கவுன்ட்டர் பக்கம் சாய்ந்து கேட்டார்: "அதை மட்டும் பென்சில்ல போடலாமுங்களா?"

"பென்சில்லயா? எதுக்குங்க சார்?"

"பின்னாடி மாறுச்சுன்னா அழிச்சு எழுதிக்கலாமுங்களே."

பிரபாவதி அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பெருமூச்சு விடுவாள் என்று நினைத்தேன். ஃபார்மைத் திருப்பி எங்கள் பக்கம் தள்ளினாள். "ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய்ப் பேசி ஒரு முடிவு பண்ணிட்டு நாளைக்கு வாங்க" என்றாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன். அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது.

பேக்கரியில் டீ குடித்தோம். எனக்குச் சர்க்கரை கம்மியாகப் போடச் சொன்னது அவர்தான், நான் கேட்கவில்லை. உறவைப் பற்றி இரண்டு பேரும் பேசவே இல்லை. மழை வருமா என்றுதான் பேசினோம். ஃபார்மை நான் மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன், அவரிடம் இருந்தால் டீ சிந்திவிடும்.

இப்போதுதான் மாவு வாங்குகிறவர்களின் வாட்ஸப் குழுவில் செய்தி போட்டேன்: நாளை மாவு கிடையாது. தீபாவளிக்குக்கூட நான் அப்படிப் போட்டதில்லை.